ஒரு வரிக் கட்டளை, மூன்று எண்கள்

என் குழுவுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை, காஃப்காவில் ஒரு டாபிக்கை உருவாக்குவது. கட்டளை ஒரே வரிதான். தட்டி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த வரியில் வரும் ஒவ்வோர் எண்ணுக்கும் காரணம் எழுதிக் கொடுத்த பிறகுதான் அடுத்த வேலை. அண்மையில் சேர்ந்த ஒரு பையன் கேட்டான்: "மூணு போட்டா என்ன, ஆறு போட்டா என்னக்கா? எப்படியும் ஓடத்தானே போகுது?"

ஓடும். எனக்கு அதுதான் கவலை. யோசிக்காமல் போட்ட எண்ணோடும் அது மாதக்கணக்கில் சிக்கலில்லாமல் ஓடும். தீபாவளிக்கு முந்தின வாரம் கூட்டம் குவியும்போதுதான் மூச்சு முட்டும். அப்போது திருத்தப் போனால் ஒரு பக்கம் சரியாகி இன்னொரு பக்கம் உடையும்.

நான் சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஜாவா எழுதுகிறேன். வீட்டுக்கு மளிகை அனுப்பும் கடைகளுக்கான மென்பொருள் எங்களுடையது. நீங்கள் செல்பேசியில் இரண்டு கிலோ துவரம்பருப்பும் ஒரு லிட்டர் நல்லெண்ணெயும் கேட்கிறீர்கள் என்றால், அந்த ஓர் ஆர்டர் பல இடங்களுக்குத் தெரிய வேண்டும். கிடங்கில் சரக்கை ஒதுக்கும் நிரல், பில் போடும் நிரல், வண்டி ஓட்டுபவருக்கு வழி சொல்லும் நிரல், உங்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் நிரல், கணக்கில் ஏற்றும் நிரல் என்று வரிசை நீளும். ஆர்டர் வாங்கும் நிரலே இவை ஒவ்வொன்றையும் நேரடியாகக் கூப்பிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால், குறுஞ்செய்தி நிரல் ஒன்று திணறினாலே போதும். மற்றவை எல்லாம் நன்றாக இருந்தும் உங்கள் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அதைத் தவிர்க்க நடுவில் வைப்பதுதான் மெசேஜ் க்யூ. ஆர்டர் வாங்கும் நிரல், "இன்னார் இன்னது கேட்டார்" என்று அங்கே எழுதிவிட்டு உங்களுக்கு உடனே பதில் சொல்லிவிடும். மற்றவை தத்தம் வேகத்தில் வந்து படித்துக்கொள்ளும். இந்த ஏற்பாடு புதியதல்ல. மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே 1986இல் அமெரிக்காவில் தொடங்கிய டெக்னெக்ரான் சாஃப்ட்வேர் சிஸ்டம்ஸ், பங்குச் சந்தை விலைகளை இப்படித்தான் தரகர்களின் கணினிகளுக்குச் சேர்த்தது. 1993இல் ஐபிஎம் தன் எம்க்யூசீரிஸை வெளியிட்டது. வங்கிகள் பல அதை நம்பியே நடந்தன.

காஃப்கா இவற்றுக்குப் பின்னால் வந்தது. லிங்க்ட்இன் நிறுவனத்தில் ஜே க்ரெப்ஸ், ஜுன் ராவ், புணேயில் வளர்ந்த நேஹா நர்க்கடே ஆகிய மூவரும் அதை உருவாக்கினார்கள். 2011இல் அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது, பிறகு அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டமானது. 'விசாரணை' எழுதிய அதே காஃப்காவின் பெயர்தான். எழுதுவதை வேகமாகச் செய்யும் அமைப்பு என்பதால், தனக்குப் பிடித்த எழுத்தாளர் ஒருவரின் பெயரை க்ரெப்ஸ் வைத்தார். பழைய க்யூக்களில் செய்தியை ஒருவர் எடுத்துப் படித்ததும் அது வரிசையிலிருந்து போய்விடும். காஃப்காவில் படித்ததற்காக எதுவும் போவதில்லை.

இதை விளக்க எனக்குக் கைகொடுப்பது என் அப்பாவின் சிட்டை. அவர் விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதினார். அன்றைய வரவும் பற்றும் நடந்த வரிசையிலேயே சிட்டையில் ஏறும். புது வரி கடைசியில்தான் வரும், நடுவில் எதையும் செருகக் கூடாது. தவறாக எழுதிய வரியை அழிப்பதில்லை, கீழே எதிர்ப்பதிவு போடுவார்கள். அதே சிட்டையைப் பார்த்து ஒருவர் ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார், ஒருவர் சரக்கிருப்பைச் சரிபார்ப்பார், முதலாளி மாலையில் வந்து புரட்டுவார். யார் எதுவரை படித்தார் என்பது அவரவர் வைத்திருக்கும் அடையாளம். ஒருவர் படித்து முடித்தார் என்பதற்காக அடுத்தவருக்கு வரி குறையாது. காஃப்காவில் ஒரு டாபிக் என்பது இப்படி ஒரு சிட்டைதான். எதுவரை படித்தோம் என்ற அடையாளத்துக்கு அங்கே ஆஃப்செட் என்று பெயர். எழுதும் நிரல் ப்ரொட்யூசர், படிக்கும் நிரல் கன்ஸ்யூமர். டாபிக்குகளை வட்டில் வைத்துக் காக்கும் கணினி ப்ரோக்கர், பல ப்ரோக்கர்கள் சேர்ந்தது க்ளஸ்டர்.

இனி அந்தக் கட்டளை. தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், இங்கே உச்சரிப்பை மட்டும் எழுதுகிறேன்:

காஃப்கா-டாபிக்ஸ்.எஸ்எச் --க்ரியேட் --டாபிக் ஆர்டர்ஸ் --பார்ட்டிஷன்ஸ் 12 --ரெப்ளிகேஷன்-ஃபேக்டர் 3 --பூட்ஸ்ட்ராப்-சர்வர் லோக்கல்ஹோஸ்ட்:9092

கடைசியில் இருப்பது க்ளஸ்டரின் வாசல் முகவரி. 9092 என்பது காஃப்கா வழக்கமாகக் காது கொடுக்கும் போர்ட். பழைய பாடங்களைப் பார்த்துப் படிக்கும் மாணவர்கள் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். அவற்றில் இதற்குப் பதில் ஜூகீப்பர் என்ற சொல்லும் 2181 என்ற எண்ணும் இருக்கும். ஜூகீப்பர் என்பது காஃப்கா தன் நிர்வாகக் குறிப்புகளை வைத்திருந்த தனி மென்பொருள். 2021இல் வந்த 3.0 பதிப்பில் இந்தக் கட்டளையிலிருந்து அந்தச் சொல் நீங்கியது. 2025 மார்ச்சில் வந்த 4.0 பதிப்பில் ஜூகீப்பரே முழுவதுமாகப் போய்விட்டது. பழைய வரி வேலை செய்யவில்லை என்றால் உங்கள் கணினியில் கோளாறு தேட வேண்டாம்.

இப்போது 12. காஃப்கா ஒரு டாபிக்கை ஒரே சிட்டையாக வைப்பதில்லை, பல பார்ட்டிஷன்களாகப் பிரிக்கிறது. ஒரே வேலையைப் பங்கிட்டுச் செய்யும் கன்ஸ்யூமர்களை ஒரு குழுவாகச் சேர்ப்போம். அந்தக் குழுவுக்குள் ஒரு பார்ட்டிஷனை ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்க முடியும். மூன்று பார்ட்டிஷன் வைத்துவிட்டு ஐந்து கன்ஸ்யூமர்களை ஓட்டினால் இருவர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கூட்ட நேரத்தில் எத்தனை பேர் பங்கிட்டு வேலை செய்யலாம் என்பதன் உச்சவரம்பு, ஆக, டாபிக் பிறக்கும்போதே எழுதப்பட்டுவிடுகிறது. பில் போடும் நிரல் ஒன்று நொடிக்கு 50 ஆர்டர் முடிக்கிறது, பண்டிகை உச்சத்தில் நொடிக்கு 400 வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் வேண்டும். நான் 12 வைப்பேன். வளர இடம் இருக்கும். இரண்டு, மூன்று, நான்கு, ஆறு கன்ஸ்யூமர்கள் இருந்தாலும் ஒருவருக்குக் கூட, ஒருவருக்குக் குறைய என்று இல்லாமல் பங்கு பிரியும்.

பிறகு கூட்டிக்கொண்டால் ஆகாதா என்று அந்தப் பையன் கேட்டான். கூட்டலாம். அதே கட்டளையில் க்ரியேட் என்பதற்குப் பதில் ஆல்டர் என்று போட்டால் கூடும். குறைக்க மட்டும் வழி இல்லை. ஆனால் கூட்டுவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது, அதைப் புரியவைக்கத்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். செய்திகளின் வரிசை ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டும்தான் காக்கப்படும். இரண்டு பார்ட்டிஷன்களுக்கு இடையே எது முந்தியது என்று காஃப்கா சொல்லாது. அதனால் ஒரே வாடிக்கையாளரின் செய்திகள் ஒரே பார்ட்டிஷனுக்குப் போக வேண்டும் என்று, வாடிக்கையாளர் எண்ணைச் செய்தியின் சாவியாக வைக்கிறோம். காஃப்கா அந்தச் சாவியை ஒரு பெரிய எண்ணாக மாற்றி, பார்ட்டிஷன்களின் எண்ணிக்கையால் வகுத்து, மீதி எதுவோ அந்தப் பார்ட்டிஷனில் போடுகிறது. சாவி 17 என்ற எண்ணாக மாறியது, பார்ட்டிஷன் மூன்று என்றால் மீதி 2. பார்ட்டிஷனை நான்காக்கினால் மீதி 1.

ஒரு அம்மா காலையில் அரிசி ஆர்டர் போடுகிறார். அது 2ஆம் பார்ட்டிஷனுக்குப் போகிறது. அந்த இடைவெளியில் நாம் எண்ணிக்கையைக் கூட்டுகிறோம். அவர் அந்த ஆர்டரை ரத்து செய்கிறார். அது 1ஆம் பார்ட்டிஷனுக்குப் போகிறது. 2ஐப் படிப்பவர் பின்தங்கியிருந்து 1ஐப் படிப்பவர் முந்தினால், வராத ஆர்டருக்கு ரத்து முதலில் வரும், பிறகு ஆர்டர் வந்து அரிசி கிளம்பிவிடும். எங்கும் பிழைச் செய்தி எழாது. அந்த அம்மா வாசலில் நின்று, வேண்டாம் என்று சொன்ன மூட்டைக்காக வண்டிக்காரரோடு வாதாடுவார். பார்ட்டிஷன் எண்ணை முதலிலேயே யோசித்து வையுங்கள் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இவர்கள் இருவருக்காகவும்தான்.

அதற்காக ஆயிரம் என்று வைத்துவிடவும் கூடாது. ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் ப்ரோக்கர் கோப்புகளைத் திறந்து வைக்க வேண்டும், நினைவகம் ஒதுக்க வேண்டும். ஒரு ப்ரோக்கர் விழுந்தால் அது தலைமை தாங்கிய ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் புதுத் தலைமை தேர்ந்தாக வேண்டும்.

இரண்டாவது எண் 3. ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் எத்தனை நகல் என்பது அது. மூன்று நகல் மூன்று வெவ்வேறு ப்ரோக்கர்களில் இருக்கும். ஒன்று தலைமை, மற்றவை அதைப் பார்த்து எழுதிக்கொள்பவை. மேலே தந்த கட்டளையைப் பிள்ளைகள் தங்கள் மடிக்கணினியில் அப்படியே தட்டும்போது காஃப்கா மறுத்துவிடும். மூன்று நகல் கேட்கிறாய், இங்கே இருப்பது ஒரே ப்ரோக்கர்தானே என்கிறது அந்தப் பிழைச் செய்தி. வேண்டுமென்றே அதைத் தட்டவைக்கிறேன். நகல் என்றால் இன்னொரு கணினி என்பது, அந்தச் சிவப்பு வரியைப் படித்த பிறகு மறப்பதில்லை. பயிற்சிக்கு 3ஐ 1 ஆக்கினால் போதும், டாபிக் உருவாகிவிடும்.

மூன்று நகலோடு, குறைந்தது இரண்டிலாவது ஏறியிருக்க வேண்டும் என்ற அமைப்பையும் சேர்ப்போம். எழுதும் நிரலும் அதற்கேற்ப உறுதி கேட்க வேண்டும். அப்போது ஒரு ப்ரோக்கர் செத்தாலும் ஆர்டர்கள் ஏறிக்கொண்டிருக்கும். இரண்டு செத்தால் காஃப்கா புதிய செய்தியை வாங்க மறுக்கும். மறுப்பது நல்லது. வாங்கிக்கொண்டு தொலைப்பதைவிட, இப்போது முடியாது என்று சொல்வது வாடிக்கையாளருக்குச் செய்யும் மரியாதை.

மூன்றாவது எண் அந்த வரியில் கண்ணுக்குத் தெரியாது. எழுதாவிட்டால் காஃப்கா தானாக 7 நாள் என்று எடுத்துக்கொள்கிறது. செய்திகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்ற கெடு அது. மாற்ற வேண்டுமானால் மில்லிநொடியில் எழுத வேண்டும். 7 நாள் என்பது 60,48,00,000. ஒரு பூஜ்யம் விட்டுப்போனால் ஏழு நாள் பதினேழு மணி நேரத்துக்கும் கீழே வந்துவிடும், ஆகவே இதை இரண்டு பேர் பார்க்காமல் நாங்கள் அனுப்புவதில்லை. செய்திகள் ஒவ்வொன்றாக அழிவதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அவை கோப்புகளாகச் சேர்கின்றன, ஒரு கோப்பில் உள்ள கடைசிச் செய்திக்கும் கெடு கடந்த பிறகு அந்தக் கோப்பு மொத்தமாகப் போகும். கணக்கு நிரல் வெள்ளி இரவு நின்று, நீண்ட விடுமுறை கழித்துத்தான் யாராவது கவனிப்பார்கள் என்றால் ஏழு நாள் போதுமா? இந்தக் கேள்விக்குக் கணக்குப் பிரிவில் இருப்பவர்தான் பதில் சொல்ல முடியும். நான் பிள்ளைகளை அவரிடமே அனுப்பிவிடுவேன்.

உருவான பின், க்ரியேட் இருந்த இடத்தில் டிஸ்க்ரைப் என்று போட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் தலைமை எந்த ப்ரோக்கர், நகல்கள் எங்கே, அவற்றில் தலைமையோடு ஒத்த நிலையில் இருப்பவை எவை என்று வரி வரியாக வரும். நகல் பட்டியலில் மூன்று பேரும் ஒத்த நிலைப் பட்டியலில் இரண்டு பேரும் இருந்தால், ஒருவர் பின்தங்கிவிட்டார் என்று பொருள்.

கையால் தட்டத் தெரிந்த பிறகுதான் ஜாவாவுக்கு வருகிறோம். ஜாவா இங்கே இயல்பான துணை. காஃப்காவே ஸ்காலாவிலும் ஜாவாவிலும் எழுதப்பட்டது. ஆனால் ஜாவா நிரலிலிருந்து டாபிக் உருவாக்க முறையான வழி 2017இல் 0.11 பதிப்போடுதான் வந்தது, அட்மின்கிளையன்ட் என்ற வகுப்பாக. அதற்கு முன் காஃப்காவின் உள்ளறையில் இருந்த வகுப்புகளை எடுத்துப் பயன்படுத்தினோம், பதிப்பு மாறும்போதெல்லாம் உடையும்.

நிரல் சிறியது. ப்ராபர்ட்டீஸ் பொருள் ஒன்றில் க்ளஸ்டரின் முகவரியை வைத்து, அதைக் கொண்டு அட்மின்கிளையன்டை உருவாக்குகிறோம். அடுத்து நியூடாபிக் என்ற பொருள்: பெயர், பார்ட்டிஷன் எண்ணிக்கை, நகல் எண்ணிக்கை. நகல் எண்ணிக்கை ஷார்ட் வகை எண், வெறும் 3 என்று எழுதினால் கம்பைலர் ஏற்காது, ஷார்ட் என்று மாற்றிக் கொடுக்க வேண்டும். பிறகு க்ரியேட்டாபிக்ஸ் என்ற செயலுக்கு அதைக் கொடுக்கிறோம். அந்தச் செயல் உடனே திரும்பிவிடும். டாபிக் உருவாகிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. கோரிக்கை ஏற்கப்பட்டிருக்கிறது, முடிவு பின்னால் வரும் என்பதே பொருள். முடிவு வரும்வரை ஆல், கெட் என்று அழைத்துக் காத்திருக்க வேண்டும். காத்திராவிட்டால், டாபிக் உருவாகாமல் போன செய்தியே நமக்கு எட்டாது, நிரல் வெற்றிகரமாக முடிந்ததாகத் தோன்றும்.

ஏற்கெனவே அந்தப் பெயரில் டாபிக் இருந்தால் எக்ஸெப்ஷன் வரும், வேறோர் எக்ஸெப்ஷனுக்குள் சுற்றப்பட்டு. இருந்தால் நல்லதுதானே என்று பலர் அதை விழுங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இருப்பது நாம் நினைக்கும் டாபிக்தானா, பார்ட்டிஷன் 12தானா என்று அந்த இடத்திலேயே விசாரித்துவிட வேண்டும். ஸ்ப்ரிங் என்ற ஜாவா கட்டமைப்பைப் பயன்படுத்துகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதன் காஃப்காஅட்மின், இருக்கும் டாபிக்கில் நாம் சொன்னதைவிடப் பார்ட்டிஷன் குறைவாக இருந்தால் தானே கூட்ட முயலும். மேலே சொன்ன அரிசி மூட்டை நினைவிருக்கட்டும். சரிபார்த்து மட்டும் சொல், உருவாக்காதே என்று கேட்கும் வசதி அட்மின்கிளையன்டில் உண்டு, நாங்கள் முதலில் அதைத்தான் ஓட்டுகிறோம்.

கட்டளையும் வேண்டாம், ஜாவாவும் வேண்டாம் என்று ஒரு வழி இருக்கிறது. இல்லாத டாபிக்குக்கு யாராவது எழுதினால் காஃப்கா தானே அதை உருவாக்கிக்கொள்ளும். முன்னிருப்பாகவே அந்த வசதி திறந்திருக்கிறது, அப்படிப் பிறக்கும் டாபிக்குக்கு, யாரும் மாற்றி வைத்திராவிட்டால், ஒரு பார்ட்டிஷன், ஒரு நகல். முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், பணம் திருப்பித் தரும் நிரலின் புதுப் பதிப்பில் டாபிக் பெயரின் கடைசி எழுத்து விட்டுப்போயிருந்தது. காஃப்கா மறுப்பேதும் சொல்லாமல் புதிய பெயரில் ஒரு டாபிக்கை உருவாக்கி, வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டது. அதை யாரும் படிக்கவில்லை. பணம் வரவில்லை என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, காரணம் தெரிவதற்குள் வாரங்கள் ஓடிவிட்டன. பழைய செய்திகளை ஏழு நாள் கெடு துடைத்திருந்தது. வங்கிப் பதிவுகளோடு ஒப்பிட்டு ஒவ்வொரு தொகையாகக் கையால் தேடினோம். அந்த வசதியை மூடிவைக்க அமைப்புக் கோப்பில் ஒரு வரி போதும். எந்த க்ளஸ்டரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாலும் நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

பெயரையும் யோசித்து வைக்க வேண்டும், காஃப்காவில் டாபிக்கின் பெயரை மாற்ற வழி இல்லை. 249 எழுத்து வரை போகலாம். ஆங்கில எழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு, சிறுகோடு மட்டுமே செல்லும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுவேறு. புள்ளியையும் அடிக்கோட்டையும் கலந்தால் கண்காணிப்புக் கணக்குகளில் இரண்டு பெயர்கள் ஒன்றாகிவிடக்கூடும் என்று காஃப்காவே எச்சரிக்கிறது. டாபிக்குகள் எவ்வளவு பெருகலாம் என்றால், லிங்க்ட்இன் 2019இல் வெளியிட்ட கணக்குப்படி அங்கே 4,000க்கு மேல் ப்ரோக்கர்கள், 1 லட்சத்துக்கு மேல் டாபிக்குகள், 70 லட்சம் பார்ட்டிஷன்கள், நாளொன்றுக்கு 7 லட்சம் கோடிச் செய்திகள். எங்களிடம் அதில் ஒரு துளிதான். இருந்தும் டாபிக் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கோப்பு வைத்திருக்கிறோம்: பெயர், மூன்று எண்கள், ஒவ்வொன்றின் காரணம், யார் பொறுப்பு. ஜாவா நிரல் அந்தக் கோப்பைப் படித்துத்தான் டாபிக்கை உருவாக்குகிறது. கோப்பில் எண்ணை மாற்றினால் இன்னொருவர் பார்த்து ஒப்பாமல் அது க்ளஸ்டருக்குப் போகாது.

கல்லூரிப் பிள்ளைகள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், காசு கொடுத்து எந்த வகுப்பிலும் சேர வேண்டாம். காஃப்கா இலவசம், ஜாவா இருக்கும் சாதாரண மடிக்கணினியில் ஓடும். பன்னிரண்டு பார்ட்டிஷனோடு ஒரு டாபிக்கை உருவாக்குங்கள், இரண்டு கன்ஸ்யூமர்களை ஓட்டிப் பங்கு பிரிவதைப் பாருங்கள், ஒன்றை நிறுத்தி மற்றது முழுப் பங்கையும் எடுத்துக்கொள்வதைப் பாருங்கள். கடைசியில் டெலீட் என்று தட்டி அழியுங்கள். நிஜமாகவா என்று காஃப்கா திருப்பிக் கேட்காது. எழுதும் நிரலை நிறுத்தாமல் அழித்தால், தானாக உருவாக்கும் வசதி திறந்திருக்கும் க்ளஸ்டரில் சில நொடிகளில் அதே பெயரில் ஒரு பார்ட்டிஷனோடு டாபிக் மறுபடி வந்து நிற்கும். வேலையிடத்தில் அழிக்கும்போது நாங்கள் முதலில் எழுதுபவரை நிறுத்துகிறோம், பிறகு காஃப்கா-கன்ஸ்யூமர்-க்ரூப்ஸ் என்ற கட்டளையால் யாராவது இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்களா என்று பார்க்கிறோம். பட்டியலில் ஒரு பெயர் இருந்தால், அந்தக் குழுவில் யாரையாவது நேரில் போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வருகிறோம்.